எல்லா மூடியும் நீலம்

ஜூன் 12, வியாழன். அமைப்புக்கு ஒரு நிறமாக வாங்காமல், வரைபடத்தில் இடம் குறிக்க எல்லாருக்கும் நீல பிளாஸ்டிக் மூடிகளையே வாங்கி வந்துவிட்டாள் கூட்டத்தை ஒருங்கிணைக்கும் பெண். சுற்றுச்சூழல் கல்வி நடத்தும் மூன்று அமைப்புகள் கூட்டாகச் செயல்படுவது பற்றிப் பேச உட்கார்ந்திருக்கின்றன. மாணவர்களுக்குப் பறவைகளைக் காட்டும் பறவைக்காரர் எழுந்து போனால் பேச்சு இன்றோடு முடிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். மேசையில் விரித்த வரைபடத்தில், தாங்கள் பாடம் நடத்தும், மாணவர்களை அழைத்துப்போகும் இடங்களில் ஆளாளுக்கு மூடி வைக்கிறார்கள். ஜன்னல் வெயிலில், வரைபடத்தின் ஏரி நீலக் குவியலாகிவிடுகிறது. வடக்கே கல்குவாரிப் பள்ளிகளின் பக்கம் ஒன்றுகூட இல்லை. மின்விசிறி காகிதத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது.

“ஏரிக்கு முதல்ல வந்தது நாங்க. இதுல என்னோடது எதும்மா?” என்று பறவைக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறார். “தெரியலை சார். கலர் பார்க்காம வாங்கினது என் தப்புதான்.” பள்ளித்தோட்டம் போடும் அக்கா குறுக்கிடுகிறார்: “அண்ணே, அந்த ஏரியில கொக்கைவிட நாம கூட்டிட்டுப்போற பிள்ளைங்கதான் ஜாஸ்தி.” குப்பை பிரிக்கக் கற்றுத்தரும் தம்பி வாயைப் பொத்திக்கொள்கிறார். பறவைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஏரிக் குவியலுக்குள் கையை விடுகிறார். கைக்கு வந்த இரண்டு மூடிகளை எடுத்து, குவாரிப் பக்கம் வைக்கிறார். “இதுங்க என்னோடதா இருக்கட்டும். அங்க காக்காவாவது இருக்கும்ல?”

நாளை குவாரிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்குப் போன் செய்து, எந்தக் கிழமை வரலாம் என்று அவள் கேட்க வேண்டும்.