பன்னிரண்டாம் பக்கத்துக் கொலையாளி

விஷயம் டீக்கடை வரைக்கும் போயிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள், பெருமாட்டி வாயனசாலையின் நூலகர் செல்வப்பிரியா. அங்கே வழக்கமாகப் புத்தகம் எடுக்கும் ரத்தினசாமி வந்து, இரவல் வாங்கிப்போன மர்ம நாவலை மேஜைமேல் போட்டார்.

அந்தக் கதையில் சேரர் காலத்துத் தளபதி ஒருவன் பனையடியில் செத்துக் கிடக்கிறான். யட்சி அடித்துவிட்டாள் என்கிறது ஊர். முந்நூறு பக்கம் கழித்துத்தான் உண்மை தெரியும்.

"ஏனுங்கம்மிணி, பன்னெண்டாம் பக்கத்துலயே 'கொன்றது வைத்தியர்'னு எவனோ பென்சில்ல எழுதி வெச்சிருக்கானுங்க. அவன் கையை முறிக்கோணும்! இனி நான் எதுக்குப் படிக்கறது?"

"படிக்கவே இல்லீங்களா?"

"இல்லீங்க. டீக்கடையில மட்டும் எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போட்டனுங்க."

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எந்த மர்ம நாவலைப் படித்தாலும் முடிவை ஊரெல்லாம் சொல்லிவிடுவார் மனிதர். அதன்பின் அந்தப் புத்தகத்தைப் படிப்பவர்களுக்குச் சுவையே இருக்காது. அவள் இரண்டு முறை ரசித்துப் படித்த நாவல் இது. அதனால்தான் அவர் இதை இரவல் கேட்டதும், கொடுப்பதற்குமுன் பென்சிலை எடுத்தாள். இனி படிப்பவர்கள் எல்லாரும் அப்பாவி வைத்தியரையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையான கொலையாளி கடைசி அத்தியாயம்வரை சுகமாக நடமாடுவான்.

"அதை ரப்பர் வெச்சு அழிச்சுப்போடுங்கம்மிணி. அடுத்துப் படிக்கறவங்க பாவமில்லீங்களா?"

செல்வப்பிரியா நாவலை அலமாரியில் வைத்தாள்.

"இருக்கட்டுங்க," என்றாள் மெதுவாக.