மூன்று நாள் லீவு

"உடம்புல ரத்தம் ஊறணும். தினம் நாலு சாப்பிடு" என்றபடி பேரீச்சம்பழப் பொட்டலத்தை மனைவியின் கையில் கொடுத்தான் அவன். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

மாதம் தவறாமல் வருகிற பொட்டலம் அது. பிள்ளை தங்க வேண்டுமென்று மனுஷன் எப்படியெல்லாம் பாடுபடுகிறான் என்று நினைத்தபடி அவள் அதை அலமாரியில் வைத்தாள்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வீட்டுக்கு வர ஒன்பது மணி நேரம் ரயிலில் நசுங்க வேண்டும். மாதத்தில் மூன்றே நாள் லீவு. அதற்காக இல்லாத சித்தப்பா ஒருவரை இரண்டு தடவை சாகடித்தாகிவிட்டது. அந்த மூன்று நாள் எது என்பதை அவள்தான் சொல்லுவாள். இந்த மாதம் இருபத்து நாலு, இருபத்தைந்து, இருபத்தாறு. காலண்டரில் சிவப்பு வட்டம்கூடப் போட்டு வைத்திருந்தாள்.

மூன்றும் பொய்த் தேதி.

கணக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததுதான். அடுத்த மாதவிலக்கு வரவேண்டிய தேதியிலிருந்து பதினாலு நாள் பின்னால் எண்ண வேண்டும். ஏறக்குறைய அன்றைக்குத்தான் கருமுட்டை வெளிவரும். அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள். நர்ஸ் இதைச் சொன்னபோது அவன் டோக்கன் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். ஒரு வார்த்தை காதில் ஏறியிருக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை தப்பாமல் வருகிற உடம்பு அவளுடையது. இந்த மாதம் இரண்டாம் தேதி வந்தது. அடுத்தது முப்பதாம் தேதி. பதினாலைக் கழித்தால் பதினாறு. ஆக, அவனை வரச் சொல்லியிருக்க வேண்டியது பதினொன்றிலிருந்து பதினாறுக்குள்.

எப்போது வந்தது என்று அவன் மாதாமாதம் போனில் கேட்பான். அதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுவாள். அதற்குமேல் கூட்டிக் கழிப்பதெல்லாம் அவள் பொறுப்பு. இப்படியே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

எல்லாம் பயம்தான். முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே ரத்தப்போக்கோடு வந்து, பிழைக்காமல் போனது. அவள் பிழைத்ததே பெரும்பாடு. உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்ற காகிதத்தில் அவன் கையெழுத்துப் போட்டதைப் பிறகு கேள்விப்பட்டாள். இனி தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதற்கு இருவரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள். ஆனால் அவள் மனசு ஒப்பவில்லை.

ஒரே ஒரு மாதம் நினைவுப் பிசகில் உண்மையான தேதியையே உளறிவிட்டாள். அந்த மாதம் பார்த்து அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பிறகு, மூச்சு விட்டதற்காகவும் அழுதாள்.

நேற்று நாத்தனார் வந்து கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள். தம்பிக்கு ஃபோர்மேன் வேலை தேடி வந்ததாம். நினைத்த தேதியில் லீவு கிடைக்காது என்றதும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். ஒரு பிள்ளைக்காக அவன் எதையெல்லாம் விடுகிறான் பார் என்று மூக்கைச் சிந்தினாள். அதிலிருந்து இவளுக்கு ஒரு வாய்ச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அவன் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கடைக்காக அவள் தைத்து அடுக்கியிருந்த குழந்தைச் சட்டைகளில் ஒன்றை எடுத்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தான். அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முழுசா கேட்டுட்டுத் திட்டுங்க."

அவன் நிமிர்ந்தான்.

"ரெண்டு வருஷமா நான் சொன்ன தேதி எல்லாம் பொய். கரு தங்காத நாளாப் பாத்துத்தான் உங்கள வரச் சொன்னேன்."

"வேணும்னேயா?"

"வேணும்னேதான். இன்னொரு தடவைன்னா செத்துருவேன்னு பயம்."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலை. அவன் வெறுமனே முகத்தைத் துடைத்துக்கொண்டான். எத்தனை ரயில், எத்தனை பொய் லீவு, கைக்கு வந்த ஃபோர்மேன் வேலை. அத்தனையையும் குப்பையில் கொட்டியவள் தான்தான் என்று அவளுக்கு உடம்பு கூசியது.

"இனிமே ஏமாத்தமாட்டேன். அடுத்த மாசம் ஒன்பதுலேருந்து பதினாலுக்குள்ள வாங்க. அதுதான் நிஜமான நாள். என்ன ஆனாலும் ஆகட்டும், நமக்கு ஒரு பிள்ளை வேணும்."

"லீவு கிடைக்காது" என்றான் உடனே.

கேட்டுப் பார்க்கக்கூட இல்லையே. இனி இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டான் போலிருக்கிறது. மன்னிக்க முடியாவிட்டால் நேராகச் சொல்லிவிடும்படி கெஞ்சினாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி விரல்களைப் பிசைந்தான்.

"எனக்கும் எண்ணத் தெரியும். நீதான் தெரியாமத் தப்பா எண்ணுறேன்னு நினைச்சேன்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா, சரியான நாளுக்கு வரச் சொல்லிருவியே."