சூலத்தில் கட்டிய சீட்டு

"கியேரோ... சுவென்யோ... ஓஹாலா..."

மிளகுக் கொடிகளுக்கு அந்தப் பக்கம் நின்று ருக்குமணி செல்போனைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் சென்றாயனுக்கு வயிறு எரிந்தது.

"யாருகிட்டப் புள்ள கொஞ்சிப் பேசுற?"

"ஏனுங்க, இது ஸ்பானிஷ் பாடமுங்க. நம்ம விடுதிக்கு அந்த ஊருக்காரங்க வாராங்கல்ல? பேசக் கத்துக்கிட்டா, பாத்திரம் கழுவுற வேலையில இருந்து ஆபீசுக்கு மாத்துறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு."

"இன்னிக்கு என்ன பாடம்?"

"ஆசையை, கனவைச் சொல்றது. 'கியேரோ இர்'னா, நான் போகணும். அடுத்தவங்க ஒண்ணு செய்யணும்னு நாம ஆசைப்பட்டா, பேச்சே வேற மாதிரி மாறிக்குதுங்க. 'கியேரோ கே வெங்காஸ்'னா, நீ வரணும்."

"நீன்னா... யாரு?"

"அட, பாடத்துல அப்படி இருக்குதுங்க!" சிரித்துவிட்டாள்.

நான் போகணும். நீ வரணும். சென்றாயனுக்கு அந்த இரண்டும் போதும். போன மாதம் விடுதியில் பத்து நாள் தங்கியிருந்த ஸ்பெயின்கார நெட்டையன் கண்ணுக்குள் வந்து நின்றான். அவன் போன பிறகுதானே இந்தப் பாடமே ஆரம்பித்தது?

வெள்ளிக்கிழமை இருவரும் அம்மன் கோயிலுக்குப் போனார்கள். வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவது அங்கே வழக்கம். ருக்குமணி எழுதி முடித்ததும் "ஓஹாலா" என்றாள். நினைத்தது நடக்கட்டும் என்று அர்த்தமாம்.

சென்றாயன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"வெளிய சொன்னா பலிக்காதுங்க."

அவள் பிரசாதம் வாங்கப் போனாள். கட்டிய சீட்டைத் தொடக்கூடாது என்று தெரிந்தும், அதை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலையில் சென்றாயன் பிரேமின் வீட்டு வாசலில் நின்றான். வெளிநாட்டுக்காரர்களுக்கு மலையைச் சுற்றிக்காட்டும் பிரேமுக்கு ஸ்பானிஷ் தண்ணீர்பட்ட பாடு.

"என்னங்ணா, விடியறதுக்குள்ள வந்துட்டீங்க?"

"தம்பி, இந்த ஸ்பானிஷைத் தமிழ்ல சொல்லு சாமி. ஒளிக்காமச் சொல்லோணும். அவ என்னை உட்டுட்டுப் போறாளா?"

பிரேம் சீட்டைப் பார்த்தான். சென்றாயனைப் பார்த்தான். மறுபடியும் சீட்டைப் பார்த்தான்.

"அண்ணா... இது தமிழுங்ணா."

சென்றாயன் தலை குனிந்தான். பிரேம் குரலைத் தாழ்த்திப் படித்தான்:

"'தாயே, கல்யாணமான நாள்ல இருந்து எம் புருசன் மறைக்கிறது எனக்குத் தெரியும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெக்கப்படாம ஒருநாள் அவரே எங்கிட்ட வந்து கேக்கணும், சொல்லித்தர நான் காத்திருக்கேன்.'"