கருமுனைக்கு அப்பால்

“காத்து எப்படி அடிக்கும்னு என் இடது முழங்காலே சொல்லிடும். எனக்கெதுக்கு ரேடியோ?”

கிரீமுர் இப்படிச் சொன்னதும் மீனவர் கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி ஹல்பெரா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அவனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

தலைநகர் ரேக்யவிக்கிலிருந்து ஆத்லி என்ற அதிகாரி வந்திருந்தான். நெடுந்தூரம் எட்டும் நெட்டலை வானொலி ஒலிபரப்பை எல்லா இடத்திலும் மூடிக்கொண்டு வருகிறார்கள். இந்த ஊர் ஒலிபரப்புக் கோபுரம்தான் பாக்கி. கோபுரத்துக்குச் செலவு அதிகம், கேட்பவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை என்றான் அவன்.

“உங்கள்ல ஒரே ஒருத்தர், ‘கடல்ல எனக்கு அது வேணும்’னு சொன்னாப் போதும். கோபுரம் நிக்கும்.”

ஹல்பெரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடமாக அந்தக் கோபுரத்தடியில் உட்கார்ந்து, தினமும் நண்பகலில் கடல் வானிலையை வாசிப்பவள் அவள்தான். காய்ச்சலில் குரல் கம்மிய நாளில்கூட ஒரு வேளை தவறவிட்டதில்லை. கடலுக்குள் நீண்டிருக்கும் கருமுனைப் பாறையைத் தாண்டினால் கைபேசி செத்துவிடும், பண்பலையும் எட்டாது. அதற்கு அப்பாலும் போய்ச் சேர்வது தன் குரல் ஒன்றுதான் என்று அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆனால் இந்த ஊர்ப் படகுக்காரர்களின் வீராப்பு வேறு ரகம். வானிலை அறிக்கை கேட்டுத் தொழில் செய்பவனை இங்கே யாரும் ஆளாகவே மதிப்பதில்லை. ஸ்வேய்ன் என்பவன் கடற்பறவைகளைப் பார்த்தே புயலைச் சொல்லிவிடுவேன் என்றான். இன்னொருவன் மலை உச்சி மேகம் போதும் என்றான். படகில் ரேடியோ எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஆத்லி கேட்டதற்கு, தொப்பி மாட்ட என்று பதில் வந்தது.

கடைசிவரை ஒருவரும் ‘வேணும்’ என்று சொல்லவில்லை. ஆத்லி கோப்பை மூடினான்.

வீட்டுக்கு வந்ததும் ஹல்பெரா வெடித்தாள்.

“வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் தலையில இருக்கிற கிரீடம் விழுந்திருக்குமா?”

“ரேடியோவைக் கேட்டுத்தான் படகு ஓட்டறேன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். நாளைக்கு எவன் என் படகுல ஏறுவான்?”

“அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்கு வாசிச்சேன், கிரீமுர்? மீனுக்கா?”

அவன் வெண்ணெய் தடவிய கருவாட்டை மென்றுகொண்டு, ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் தன் மரியாதை என்னாவது என்று காபி போடப் போய்விட்டாள்.

மறுநாள் கடைசி அறிக்கையைக் குரல் பிசகாமல் வாசித்தாள். கடலில் இருப்பவர்களுக்கு வணக்கம் சொன்னாள். ஆத்லி விசையை இறக்கினான்.

அதற்கு அடுத்த நாள் காலை வானம் பளிச்சென்று இருந்தது. காற்று இல்லை, அலையும் இல்லை. காட் மீன் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும் பருவம் வேறு. எல்லாப் படகுகளும் விடியும்போதே கருமுனையைத் தாண்டிப் போய்விட்டன. கிரீமுர் அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போயிருந்தான்.

ஒலிபரப்பு அறையிலிருந்து கழற்றிய கருவிப் பெட்டிகளை ஆத்லி படகுத்துறையில் கொண்டுவந்து வைத்தான். மதியத்துக்கு மேல் சரக்குக் கப்பல் வரவேண்டும். ஹல்பெராவும் ஒரு கை பிடித்தாள். தன் கையாலேயே அனுப்பிவைப்பதுதான் கௌரவம் என்று அவளுக்குத் தோன்றியது.

நண்பகல் தாண்டி வெகுநேரம் ஆகியிருக்காது. கருமுனைப் பக்கம் ஒரு படகு தலைகாட்டியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக எல்லாமே வந்தன.

“புயல் ஏதாவது வருதா?” என்று பதறினான் ஆத்லி.

“சொட்டுக் காத்துகூட இல்லையே” என்றாள் அவள். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

ஸ்வேய்ன் முதலில் இறங்கினான். எஞ்சின் சூடாகிவிட்டதாம். அடுத்தவனுக்குப் பல்வலி. இன்னொருவன் தூண்டில் இரையை வீட்டிலேயே மறந்துவிட்டானாம். ஒருவரும் மீன் கொண்டுவரவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.

கடைசியாக வந்தவன் கிரீமுர். அவனிடம் சாக்குப்போக்கு எதுவும் இல்லை. கயிற்றைக் கட்டிவிட்டு, எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேரே ஆத்லியிடம் வந்தான்.

“அந்தப் பெட்டியை எல்லாம் திரும்பக் கொண்டுபோய் மாட்டு. மத்தியானம் இவ குரல் வராம, இன்னும் தூரம் போறதா, திரும்பறதான்னு எங்கள்ல ஒருத்தனுக்கும் தெரியலை.”

துறையில் யாருமே சிரிக்கவில்லை.