துடைக்காத கண்ணாடி

“என்னைப் பார்த்தா அழுக்கு மூட்டை மாதிரி இருக்கா?”

லாரி டிரைவர் போட்ட சத்தத்தில், வீடு விற்கும் அந்த அலுவலகமே திரும்பிப் பார்த்தது. இன்னும் கட்டாத வீட்டை கண்ணில் மாட்டும் வி.ஆர். கண்ணாடியில் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்போதுதான் கழற்றிக் கொடுத்திருந்தார். வரவேற்பு மேசைப் பெண் வாங்கிய கையோடு அதை அழுத்தித் துடைத்தாள்.

“எப்பவும் துடைக்கிறதுதான், அண்ணே.”

“புளுகாதே! எனக்கு முன்னாடி இந்தக் கோட்டுக்காரர் கழற்றினாரே, அதைத் துடைச்சியா? அப்படியே ஓரமா வெச்சே. பணக்காரர் முகம்னா மணக்குதா?”

நாற்காலியிலிருந்த கோட்டுக்காரரை ஒரு கணம் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

மேலாளர் ஓடிவந்தார். “மன்னிப்புக் கேளும்மா. இல்லேன்னா நாளைக்கு வராதே.”

“தப்புதான் அண்ணே, மன்னிச்சிடுங்க.”

“மன்னிப்பு போதாது. புகார் எழுதணும்!”

மேலாளர் நோட்டு எடுக்க உள்ளே போனார். கோட்டுக்காரரும் எழுந்து வெளியே போனார். கதவு மூடியதும் அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“அவருக்கு ஒட்டிக்கிற கண்வலி, அண்ணே. ரெண்டு கண்ணும் சிவந்து தண்ணி வடியுது. அவர் போட்டதை இன்னிக்கு யாருக்கும் தரக்கூடாதுன்னு எடுத்து வெச்சேன். நீங்க வண்டி ஓட்டுறவராச்சே, உங்களுக்குப் புதுசு பிரிச்சுக் கொடுத்தேன். நாலு பேர் முன்னாடி சொன்னா அவர் மனசு என்ன பாடுபடும்?”

மேலாளர் நோட்டோடு வந்தார். “எழுதுங்க, சார்.”

டிரைவர் அதை வெடுக்கென்று பிடுங்கினார்.

“எழுதத்தான் போறேன். என் மேலே!”