மைனாவின் திருத்தம்

குளத்துத் தவளைகள் தீர்மானம் போடும். கரை மரத்தின் மேல்கிளைப் பறவைகள் அதற்குத் திருத்தம் சொல்லும். அதுதான் அங்கே வழக்கம். மைனா சொன்ன எந்தத் திருத்தத்தையும் தவளைகள் இதுவரை காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அன்று வந்த தீர்மானம் இது: ‘மேல்கிளைச் சபை இனி வேண்டாம். மரங்கொத்தி அந்தக் கிளையை இன்றே கொத்திச் சாய்க்கட்டும்.’

“கிளை குளத்துலதான் விழும். அவங்க முட்டையெல்லாம் நசுங்கட்டும், நீ வாயைத் திறக்காதே” என்றது பக்கத்தில் இருந்த காகம்.

மைனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிளைக்கு நேர் கீழே முட்டைகள் மிதந்தன.

“தலைவரே, ஒரு திருத்தம்” என்று தவளைத் தலைவரைக் கூப்பிட்டது. “கிளையைக் கரைப் பக்கமாச் சாய்க்கச் சொல்லுங்க. இல்லேன்னா உங்க முட்டைங்க மேல விழுந்துடும்.”

தவளைகள் முட்டைகளைப் பார்த்தன, கிளையைப் பார்த்தன. மைனாவின் திருத்தம் முதல் தடவையாக ஒருமனதாக நிறைவேறியது.

எந்த இடத்தில் கொத்துவது என்று கேட்க, மரங்கொத்தி மைனாவிடம் வந்தது.