எட்டு மணிக் கள்ளன்

"அழிச்சிப் போடுங்க தம்பி, ஒண்டும் மிச்சம் வேணாம். என்ர கொம்பியூட்டருக்குள்ள ஆரோ கள்ளன் பூந்திட்டான்!"

கல்லடி வீட்டு முன்னறையில் நல்லரத்தினம் படபடத்தார். பழுது பார்க்கக் காத்தான்குடியிலிருந்து வந்த றிஷாட், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தான்.

"என்ன நடந்த சேர்?"

"எழுத்தெல்லாம் குரும்பட்டி அளவுக்கு ஊதிக் கிடக்கு. என்ர பிரஷர் குளிசை குடிக்கிற நேரத்துக்குத் தன்பாட்டில மணி அடிக்குது. லண்டன் மகள்ர படம் நடுவில வந்து நிக்கிது, தொட்டா அவளுக்குக் கோல் போகுது! இண்டைக்கு ஒரு போல்டரைத் திறக்கப் போனா பாஸ்வேர்ட் கேக்குது. என்ர வீட்டில, என்னட்டயே!"

"நல்ல கள்ளன் சேர், உங்கட குளிசை நேரமும் தெரிஞ்சிருக்கு," என்று சிரித்தான் றிஷாட். "எப்ப தொடங்கின?"

"இவ கொழும்புக்குத் தங்கச்சிர வீட்ட போய் ஒரு மாசம் நிண்டு வந்தா. அதுக்குப் பிறகுதான்."

அவர் மனைவி கேதீஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தார். கோப்பையை நீட்டும்போது காப்பு முழங்கை வரை வழுகி ஓடியது.

"அழிக்க வேணாம் தம்பி. எழுத்துப் பெருசானது நல்லந்தானே, கண்ணாடி தேடாம வாசிக்கலாம்."

"உனக்கென்ன தெரியும்? இது நீ கச்சேரி ஒபிசில டைப் அடிச்ச மெஷின் இல்ல!"

றிஷாட் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். வெளியிலிருந்து எவரும் நுழையவில்லை. மாற்றங்கள் எல்லாம் இதே கதிரையிலிருந்துதான் நடந்திருந்தன, காலை எட்டு மணிக்கு.

"எட்டு மணிக்கு எங்க நிப்பீங்க சேர்?"

"தோணி கரைக்கு வாற நேரம். மீன் வாங்கப் போவன்."

றிஷாட் நிமிர்ந்து கேதீஸ்வரியைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இஞ்சேருங்க, பால்மா முடிஞ்சிட்டு. ஒரு பக்கெட் வாங்கிட்டு வாங்களன்."

முணுமுணுத்துக்கொண்டே நல்லரத்தினம் சைக்கிளை எடுத்தார். கேற் சாத்தும் சத்தம் கேட்டதும் றிஷாட் குரலைத் தாழ்த்தினான்.

"சேர் பாவம்மா. ஏன் அவரோட இப்பிடி விளையாடுறீங்க?"

கேதீஸ்வரி குனிந்து, எழுத்துகளைப் பார்க்காமலே பாஸ்வேர்டைத் தட்டினார்.

போல்டர் திறந்தது. முதலில் கொழும்பு மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கடிதம். அடுத்தது கேதீஸ்வரியின் சிரித்த முகம், அதற்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி'.

தோற்றம் என்ற இடத்தில் அவருடைய பிறந்த திகதி இருந்தது. மறைவு என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது.

"அவருக்கு டைப் அடிக்க வராது தம்பி. அந்த ஒரு திகதியை மட்டும் நீங்க வந்து போட்டுக் குடுங்க."